படகுக்காரி எந்தப் பக்கத்தில் செத்தாள்?

பல் டாக்டரின் வரவேற்பறையில் பல் வலி இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் டெலிபோனம்மா.

இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். அவர் போலீஸில் ஒரு நாள் கூட இருந்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து இன்ஸ்பெக்டராக இருந்து, வேண்டுமென்றே காரைக் கொண்டு போய் மரத்தில் மோதியவர்களைப் பிடித்துக் கொண்டிருந்தவர். வேலையை விட்டார், பட்டம் அவரை விடவில்லை. டெலிபோனம்மா எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். எக்ஸ்சேஞ்சை மூடியதும் ஒட்டுக்கேட்க வழியில்லாமல் துப்பறிய வந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார்.

“கிடைச்சாச்சு,” என்றார் டெலிபோனம்மா. டீப்பாயில் கிடந்த பழைய வாரப் பத்திரிகைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினார். “பல்லைக் காட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு நடுவுல இது ஒண்ணும் பேசாம படுத்திருக்கு பாருங்க.”

புத்தகம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜெராக்ஸ் எடுத்த தாள்களை இரண்டாக மடித்து நடுவில் தைத்திருந்தார்கள். வெறும் நீல அட்டை. மேலே ‘கரைக்கு வந்த பின்’ என்று தலைப்பு, கீழே ‘ஒளியாண்டு’ என்று ஆசிரியர் பெயர்.

அந்தப் பெயர்தான் வழக்கு.

ஒளியாண்டு என்ற பெயரில் வந்த பாக்கெட் நாவல்களைப் படிக்காமல் ரயில் ஏறியவர்கள் ஒரு காலத்தில் இல்லை. ஏழு நிலாக்கள், அவற்றுக்கு நடுவே கும்மிருட்டு, அந்த இருட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு படகுக்காரி. இதுதான் கதை. விமர்சகர்கள் கேலி செய்தார்கள், ஜனங்கள் வாங்கித் தள்ளினார்கள். ஒன்பது புத்தகம் எழுதிவிட்டு, பெயரையும் ஏழு நிலாக்களையும் பதிப்பகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, எழுத்தாளர் ஒதுங்கிப் போனார். அது ஆகிறது முப்பது வருஷம். அதற்கப்புறம் பதிப்பகம் யார் யாரையோ வைத்து அதே பெயரில் எழுதிக் குவித்து, இப்போது நூறாவது புத்தகத்துக்குத் தடபுடலாகத் தயாராகிக் கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஊரில் இந்த நீல அட்டைகள் முளைத்திருந்தன. பல் டாக்டர், கண் டாக்டர், முடி வெட்டும் கடை, பஸ் நிலையம் என்று ஜனங்கள் காத்துக் கிடக்கிற இடமாகப் பார்த்து யாரோ வைத்துவிட்டுப் போனார்கள்.

“போலி சார், சுத்தப் போலி!” என்று நேற்று பதிப்பாளர் மேஜையைத் தட்டினார். அப்பா ஆரம்பித்த பதிப்பகத்தை மகன் கட்டி மேய்க்கிறார். “படகுக்காரி ஒன்பதாவது புத்தகத்துல செத்துட்டா. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இந்த மடையன் அவளை நரைச்ச தலையோட உக்கார வச்சு, சின்னப் பசங்களுக்குத் துடுப்புப் போடக் கத்துக்கொடுக்க வச்சிருக்கான். எவன்னு கண்டுபிடிங்க. வீடு தெரிஞ்சதும் எனக்குப் போன் பண்ணுங்க. நீங்க மேல எதுவும் செய்ய வேண்டாம், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

பதிப்பாளர் கையில் கொடுத்திருந்த மூன்று நீல அட்டைகளையும் இன்ஸ்பெக்டர் ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தார். படித்ததிலிருந்து ஒரு கேள்வி அவரைக் குடைந்து கொண்டேயிருந்தது.

“டெலிபோனம்மா, இதை எழுதினவனுக்கு முதல் எட்டுப் புத்தகமும் தலைகீழ் மனப்பாடம். மூணாவது நிலாவுல கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்கிறதை பதிப்பகத்து ஆளுங்களே மறந்துட்டாங்க, இவன் மறக்கலை. எட்டையும் கரைச்சுக் குடிச்சவன் ஒன்பதாவதை மட்டும் படிக்காம விடுவானா?”

“படிச்சிருப்பான், தாங்கியிருக்க மாட்டான். அவ செத்தப்ப எனக்கே ரெண்டு நாள் சோறு இறங்கலை. எக்ஸ்சேஞ்சுல அழுதுக்கிட்டே கனெக்ஷன் கொடுத்தேன். எத்தனை பேரை மாத்திப் போட்டேனோ, எத்தனை கல்யாணம் நின்னு போச்சோ!”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புத்தகத்தின் முதுகைத் தடவிக் கொண்டிருந்தார்.

“இது பின் அடிச்சது இல்லை. தையல் மெஷின்ல தைச்சிருக்கு.”

“கொடுங்க இப்படி.” டெலிபோனம்மா ஜன்னல் வெளிச்சத்தில் நூலைப் பார்த்தார். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. “கடவுளே, இந்தக் கலரா!”

“என்ன?”

“சிவப்பும் இல்லாம, ஊதாவும் இல்லாம, காஞ்சு போன காயம் மாதிரி ஒரு கலர். இதை விரும்பற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான் சார், என் பொண்ணு படிச்ச ஸ்கூலோட பிரின்சிபால். யூனிஃபார்முக்கு இந்த நூல் தேடி நான் ஏறாத கடை இல்லை. கடைசியில அந்த ஸ்கூலுக்குன்னு தைக்கிற ஒரு அம்மாகிட்ட மட்டும்தான் கிடைச்சுது.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதே நேரம் உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, “அடுத்து யாரு?” என்றாள்.

“இவருக்குப் பல்லு போயிடுச்சும்மா,” என்றார் டெலிபோனம்மா. “வலி தானா நின்னுடுச்சு.”

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் முதலில் முறுக்கிக் கொண்டான். டெலிபோனம்மா தங்கை மகளைப் புதிதாகச் சேர்த்திருக்கும் பெரியம்மாவாக மாறினார். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, குழந்தை ஒரு கையால் பாவாடையையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு வருகிறது, எந்தக் கையால் எழுதும் என்று அவர் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மாவின் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டுத்தான் அவனால் மூச்சு விட முடிந்தது.

பின் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் பக்கத்தில் குறுகலாக ஒரு மாடிப்படி. மேலேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“கீழே ஜெராக்ஸ், மேலே மெஷின். போர்டு எழுதி மாட்டின மாதிரி இருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாளில் முடித்துவிட்ட கேஸ்! உடனே போனை எடுத்தார்.

“சார், ஒரு எட்டு மேல போய்ப் பார்த்துட்டுப் போன் பண்ணுங்களேன்,” என்றார் டெலிபோனம்மா. “யாரு, என்னன்னு தெரியாம...”

“வீடு தெரிஞ்சதும் போன் பண்ணச் சொன்னாரே.”

இன்ஸ்பெக்டர் சந்தின் பெயர், கடையின் பெயர், மாடிப்படி எந்தப் பக்கம் என்பது உட்பட எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். மறுமுனையில், “நல்லது, நீங்க கிளம்புங்க,” என்று சொல்லிவிட்டுப் பதிப்பாளர் வைத்துவிட்டார். சபாஷ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது. கிளம்பச் சொன்னதால்தான் அவர் மாடி ஏறினார் என்று கூடச் சொல்லலாம்.

கதவு திறந்தேயிருந்தது. அறை முழுக்க அந்தக் காயக் கலர் துணி. அதன் நடுவே மெஷினில் ஒரு அம்மாள், எழுபதைத் தொட்டிருப்பார். மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் இரண்டு குண்டூசி. இன்ஸ்பெக்டர் நீல அட்டையை எடுத்துக் காட்டினார்.

அந்த அம்மாள் மெஷினை நிறுத்தவில்லை. குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். கால் மிதித்துக் கொண்டேயிருக்க, உதடு மட்டும் அசைந்தது.

“மெதுவாப் பேசுங்க. உள்ளே அவர் எழுதிக்கிட்டிருக்கார். மெஷின் ஓடுற வரைக்கும் நாம பேசுறது அவருக்குக் கேட்காது.”

“அவர்னா?”

“எங்க வீட்டுக்காரர்.”

சுவரோடு ஒரு அலமாரி இருந்தது. ஒளியாண்டுவின் ஒன்பது பாக்கெட் நாவல்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் மூன்று நீல அட்டைகள். ஒன்பதிலும் ஒன்றைக் கூட யாரும் பிரித்துப் படித்த அடையாளம் இல்லை, முதுகில் ஒரு மடிப்பு விழவில்லை.

இன்ஸ்பெக்டரின் கண் ஒன்பதாவதில் போய் நின்றது. மற்ற எட்டும் ஒரே பருமன். இது மட்டும் ஒல்லி. எட்டாவதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ‘முற்றும்.’ ஏழாவது, ‘முற்றும்.’ ஒன்பதாவதை எடுத்தார். படகு கரும்பள்ளத்துக்குள் இறங்கியது, அதன்பின் ஒரு சத்தமும் இல்லை என்று பக்கத்தின் அடியில் வாக்கியம் முடிந்தது. அவ்வளவுதான்.

“டெலிபோனம்மா, ஒளியாண்டு எல்லாப் புத்தகத்துக்கும் முற்றும் போடுறவர். இதுல ஏன் போடலை?”

“அதுதான் சார் அந்தப் புத்தகத்தோட அழகே. மனசு உடைஞ்சு போய், முற்றும்னு எழுதக் கூட கை வரலைன்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டோமே.”

“போட்டிருக்கார். நமக்குத்தான் வந்து சேரலை.” இன்ஸ்பெக்டர் இரண்டு புத்தகத்தின் கடைசிப் பக்க எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “அதுல நூத்தித் தொண்ணூத்திரண்டு. இதுல நூத்தி எழுபத்தாறு. பாக்கெட் நாவலைப் பதினாறு பதினாறு பக்கமா அடிச்சு, மடிச்சு, அடுக்கித்தான் தைப்பாங்க. இதுல கடைசி மடிப்பு ஒண்ணு இல்லை. பைண்டிங்ல விட்டுட்டாங்க. எட்டைக் கரைச்சுக் குடிச்சவன் ஒன்பதாவதை மட்டும் ஏன் படிக்கலைன்னு கேட்டேனே? அவருக்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதினதே அவர்தான்.”

டெலிபோனம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். “அப்ப அவ சாகலையா?”

“சாகலை,” என்றார் அந்த அம்மாள். மெஷின் வெறுந்துணி மேல் ஓடிக் கொண்டிருந்தது. “அந்தப் பதினாறு பக்கத்துல திரும்பி வந்துட்டா.”

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவருக்கு ஒரு பழக்கம். அச்சாகி வந்த புத்தகத்தைத் திறக்க மாட்டார். திறந்தா தப்பு மட்டும்தான் கண்ணுல படும்பார். கையில வாங்கிக் கனம் பார்த்துட்டு அலமாரியில வச்சுடுவார். நான் தனியா ஒண்ணு வாங்கிப் படிப்பேன். இதைப் படிச்சதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நேரா பெரியவர்கிட்ட, அதான் இப்ப இருக்கிறவரோட அப்பாகிட்ட ஓடினேன். அடுத்த பதிப்புல சரி பண்ணிடறோம்மான்னார். அதுக்குள்ள ஊரே அழ ஆரம்பிச்சுடுச்சு. கடையில புத்தகம் நிக்கலை. மறுபடி போனேன். ‘அழுதுட்டிருக்கிற ஜனங்களைக் கூப்பிட்டு, சும்மா சொன்னேன், சிரிங்கன்னு சொல்ல முடியுமாம்மா?’ன்னார்.”

“நீங்க இவர்கிட்ட சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? வானிலை ஆபீஸ்ல கிளார்க்கு, வீட்டுக்கு வந்தா நிலாவுல படகு விடுற பைத்தியம்னு எங்க வீட்டுல அவரை மனுஷனாவே மதிச்சதில்லை. அந்தப் புத்தகம் வந்தப்புறம்தான் எங்க அண்ணன் வீடு தேடி வந்து, முதல் தடவையா அவரை ‘மாப்பிள்ளை’ன்னு வாய் நிறையக் கூப்பிட்டார். அன்னைக்கு அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னே காலம் போயிடுச்சு.”

“அவர் ஏன் பேரை எழுதிக் கொடுத்தார்?”

“அவ கரைக்கு வந்துட்டா, எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்லைன்னு சந்தோஷமா கையெழுத்துப் போட்டார். ரிட்டயர் ஆனப்புறம் மறுபடி எழுத வந்துடுச்சு. கொண்டு போய்க் கொடுத்தேன். பேர் போடாமதான் கொடுத்தேன். ‘படகுக்காரி செத்தது கூடத் தெரியாத ஆளெல்லாம் எழுத வந்துட்டாங்க’ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதை அவர்கிட்ட சொல்லணும்னா முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணுமே. போட ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். கீழே ஜெராக்ஸ் எடுத்துத் தைச்சு அவர் கையில ஒண்ணு கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணு இருந்தா புத்தகம் ஆகுமா? நாலு பேராவது படிக்கட்டுமேன்னுதான்...”

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணீர் கண்ணாடிக்கு அடியில் வழிந்து துணியில் விழுந்தது.

“ஐயா, நீங்க யாரா வேணும்னாலும் இருங்க. நான் பண்ணினது தப்புத்தான், இனிமே வைக்கலை. என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னா போங்க. அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

சற்று முன் சந்தின் பெயரைக் கணீரென்று சொன்ன தன் குரலே இன்ஸ்பெக்டரின் காதில் ஒலித்தது. டெலிபோனம்மா அவரைப் பார்த்தார். ‘சொன்னேனே’ என்று அவர் வாய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

போனை எடுத்துக்கொண்டு அவர் எழுந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்தது.

எழுத்தாளர் ஒளியாண்டு லுங்கியும் கட்டம் போட்ட சட்டையுமாக நின்றார். விரலில் மசி. ஒல்லியான ஆள், காது மட்டும் பெரிது. வந்தவர்களைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“யாரும்மா?”

“பதிப்பகத்துலேர்ந்து வந்திருக்காங்க,” என்றார் மனைவி, தலையைக் குனிந்தபடியே.

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

“அடடா, வாங்க வாங்க! இவ்வளவு நாள் கழிச்சு ஆளனுப்பியிருக்காங்களே. உக்காருங்க. பேரை நான் எழுதிக் கொடுத்துட்டேன், இருந்தும் பெரிய மனசு பண்ணி மறுபடி என் பேர்லயே போடறாங்க. எந்தப் பதிப்பாளர் செய்வான்? அட்டைதான் கொஞ்சம் எளிமையா இருக்கு. இப்பல்லாம் அதுதான் நாகரிகம் போல.”

“ஆமாங்க,” என்றார் டெலிபோனம்மா. வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

“படகுக்காரியை ஜனங்களுக்கு இன்னும் பிடிக்குதா?”

“உயிருங்க.”

“எனக்குத் தெரியும்!” கிழவர் குழந்தை போலத் தொடையில் தட்டினார். “ஒன்பதாவது வந்த புதுசுல பஸ்ல போறேன், முன் சீட்டுல ஒரு பொண்ணு அதைப் படிச்சு முடிச்சுட்டுத் தேம்பித் தேம்பி அழறா. இறங்கறப்ப கூட அழுகை நிக்கலை. படகுக்காரி திரும்பி வந்ததுக்கு இப்படி அழுவாங்களான்னு நான் அசந்து போயிட்டேன். அன்னைக்கு முழுக்க எனக்குக் கால் தரையிலயே பாவலை.”

மெஷின் வேகமாக ஓடியது.

இன்ஸ்பெக்டர், “ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்,” என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினார்.

பதிப்பாளர் எடுத்ததுமே இன்ஸ்பெக்டர் கொட்டித் தீர்த்தார். போலியில்லை சார், சாட்சாத் ஒளியாண்டுவே இவர்தான். படகுக்காரி சாகவேயில்லை. பைண்டிங்கில் பதினாறு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் முற்றும் இல்லை. உங்கள் அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது...

“எனக்கும் தெரியும்,” என்றார் பதிப்பாளர்.

இன்ஸ்பெக்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அப்பா சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போனார். அந்தப் பதினாறு பக்கம் சேர்ந்திருந்தா அது பத்தோட பதினொண்ணு. சேராததாலதான் இந்த ஆபீஸ், இந்தக் கட்டிடம், நூறு புத்தகம் எல்லாம். நீல அட்டையில ஒரு பக்கம் படிச்சதுமே அவர்தான்னு புரிஞ்சுபோச்சு சார். அப்படி வேற எவனுக்கும் எழுத வராது. வீடு மாறிட்டாங்க, எங்கேன்னு தெரியலை. அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சேன்.”

துப்பு, நூல், மடிப்பு, முற்றும். அத்தனை மூளையும் வெறும் விலாசம் தேடித்தான் வேலை செய்திருக்கிறது.

“சார், அவருக்கு எதுவும் தெரியாது. அவ செத்துட்டான்னு உலகமே நினைக்கிறது அவருக்குத் தெரியாது. இனிமே புத்தகம் வெளியே வராது, அந்த அம்மா சத்தியம் பண்றாங்க. நான் பொறுப்பு. விட்டுடுங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

“நூறாவது புத்தகம் வர்ற நேரம், யாரோட சத்தியத்தையும் நம்பி நான் உக்கார முடியாது. கோர்ட் உத்தரவு போன வாரமே வாங்கி வச்சாச்சு. அந்தப் பேர்லயும் எழுதக் கூடாது, படகுக்காரியைப் பத்தியும் எழுதக் கூடாது. அவர் கையில நேராக் கொடுக்கணும், விலாசம் ஒண்ணுதான் குறைஞ்சுது. நீங்க போன் பண்ணின உடனே அமீனா கிளம்பிட்டார்.”

“திரும்பக் கூப்பிடுங்க!”

“கோர்ட் ஆள் சார். நான் சொன்னா திரும்புவாரா?”

போன் அணைந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி அடித்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. காரை மரத்தில் மோதியவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டுத் திணறடித்த மனிதர், இருட்டான மாடிப்படியில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். கீழே வாசலை மறித்து நிற்கலாமா? நின்றால் இன்று போய் நாளை வருவார்கள். விலாசம்தான் கொடுத்தாயிற்றே.

அவர் மேலே திரும்பியபோது டெலிபோனம்மா தரையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கிழவர் நாற்காலியின் விளிம்பில் இருந்தார்.

“நீங்க படிச்சதுதான், உங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார் கிழவர்.

“உங்க வாயால கேட்கணும்னு ஆசை. கரும்பள்ளத்துக்குள்ள போனவ எப்படித் திரும்பி வந்தா?”

“கயிறுதான். எங்கே போனாலும் படகுக் கயிறோட ஒரு நுனியைக் கரையில கட்டிட்டுத்தானே போவா. எத்தனை தூரமானாலும் கயிறு விட்டுக்கிட்டே போவா, எல்லாரும் சிரிப்பாங்க. கரையில அவ புருஷன் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். உள்ளே விழுந்தவளுக்கு ஒரு கண் சிமிட்டற நேரம். வெளியே நிக்கறவனுக்கு வருஷக் கணக்கு. செத்துட்டா, விட்டுட்டு வாடான்னு ஏழு நிலாவும் சொல்லுது. அவன் விடலை. ஒரு நாள் கயிறு லேசா இழுபடுது...”

“வந்துட்டாளா?” டெலிபோனம்மாவின் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

“வந்து இறங்கினதும் அவனைப் பார்க்கறா. தலையெல்லாம் வெளுத்துப்போச்சு. ‘என்னய்யா, இப்பத்தானே போனேன், அதுக்குள்ள இப்படி ஆயிட்டே?’ன்னு கேட்கறா. அவ்வளவுதான், முற்றும் போட்டுட்டேன்.” கிழவர் டெலிபோனம்மாவைப் பார்த்துத் திகைத்தார். “பாரும்மா, இவங்களும் அழறாங்க! அந்த பஸ் பொண்ணு மாதிரியே.”

அந்த அம்மாளின் கால் மிதிப்பதை நிறுத்தியது. மெஷின் நின்றதும் மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் பாய்ந்து கதவை மறித்தார். “நான் பார்க்கறேன் சார், நீங்க உள்ளே போய் எழுதுங்க.”

“என் வீட்டுக்கு வர்றவங்களை நான் வான்னு சொல்லக் கூடாதா? நகருங்க.” கிழவர் அவர் தோளைச் செல்லமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். தள்ளிய கையில் பலமே இல்லை. அதைத் தடுக்க இன்ஸ்பெக்டருக்கு மனம் வரவில்லை.

வாசலில் பையும் காகிதமுமாக ஒருவர் மூச்சு வாங்கி நின்றார். “எழுத்தாளர் ஒளியாண்டுங்கிறது...”

அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் கதவைத் தட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கிழவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். தலையைக் கோதிக்கொண்டார்.

“நான்தான்!”

“இது உங்களுக்குத்தாங்க. வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து வேணும்.”

“தாராளமா.” மசி படிந்த விரல்களால் பேனாவை வாங்கி, காகிதத்தைக் கதவில் வைத்து, அழகாகச் சுழித்து ‘ஒளியாண்டு’ என்று போட்டார். டெலிபோனம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அமீனா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை, பார்த்தாலே தெரிந்தது. “ஐயா, இந்தப் பேரைப் போடாதீங்க. சொந்தப் பேரை எழுதுங்க. இந்தப் பேரை நீங்க இனிமே போடக் கூடாதுன்னுதான் உத்தரவே வந்திருக்கு. படகுக்காரி கதையும் எழுதக் கூடாதாம். அந்த அம்மா ஏதோ செத்துட்டாங்களாமே, உள்ளே போட்டிருக்கு.”

“யார் செத்துட்டா?”

கிழவர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மெஷின் மேல் குனிந்திருந்தார். டெலிபோனம்மாவைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் குறைய, கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் வந்து நின்றார்.

“இவர் ஏதோ ஆள் மாறிச் சொல்றார். நீங்க பதிப்பகத்துலேர்ந்துதானே வந்திருக்கீங்க? அவ கரைக்கு வந்துட்டான்னு நீங்களே இவருக்குச் சொல்லுங்க சார்.”